வாயை மூடி எடுத்த போட்டோ

தியாகராய நகர்,
சென்னை-17
14-8-1974, புதன்கிழமை

அன்பு மகள் தங்கபுஷ்பத்துக்கு அப்பா அய்யாதுரை எழுதியது. திருச்செந்தூரான் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன் பிள்ளை வைரவனுக்கு இன்றைக்கு இழுப்பு இல்லை, காலையில் மூன்று இட்லி சாப்பிட்டான். அங்கே நீயும் மாப்பிள்ளை பொன்ராஜும் பாப்பாவும் சௌக்கியம்தானே, பாப்பாவுக்குச் சளி விட்டதா, கீழ்ப்பல் இரண்டும் முழுசாக வெளியே வந்துவிட்டதா. சௌக்கியம் என்று பேனா தன்பாட்டுக்கு எழுதிவிட்டது, ஆனால் இந்தப் பத்து நாளாக எனக்கு ஓரிடத்தில் உட்காரவும் முடியவில்லை நிற்கவும் முடியவில்லை. உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது, பதில் காணோமே என்று நீ அங்கே என்னென்ன நினைத்தாயோ. மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். இனியும் கிழிக்க நேரமில்லை. நாளைக்குச் சுதந்திர தினம், தபாலாபீஸ் கிடையாது, இன்று சாயங்காலத் தபால் கட்டில் இது போயாக வேண்டும். அதனால் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே எழுதுகிறேன், ஆள் வந்தால் எழுந்துபோய் மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து எழுதுவேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சுற்றி வளைக்காமல் இரண்டு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் எப்படி வேண்டுமானாலும் திட்டு. ஒன்று, பாப்பாவின் சளிக்கென்று அப்துல் கஃபார் பாய் கையில் நான் இரண்டு பாட்டில் சிரப்பு கொடுத்துவிட்டிருக்கிறேன். பாய் மூன்றாம் தேதி மெயிலில் ஏறினார், கல்கத்தாவில் அவருக்குத் தோல் வியாபாரம், பத்துப் பன்னிரண்டு நாள் தங்கிவிட்டுத்தான் ரூர்கேலா வருவார், இந்தக் கடிதம் அவரை முந்திவிடும் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாட்டில் மேல் நம் கடைச் சீட்டு ஒட்டியிருக்கும், அதில் போட்டிருக்கிறபடி செய்யாதே. இரண்டு, போன மாதம் அனுப்பிய போட்டோவில் வைரவன் சிரிக்காமல் உம்மென்று நிற்கிறானே, என் மேல் கோபமா அப்பா, விட்டுவிட்டு வந்தேனென்று என்னை வெறுத்துவிட்டானா, இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதியிருந்தாயே. அவனுக்கு உன் மேல் ஒரு கோபமும் இல்லை. அவனை வாயை மூடி நிற்கச் சொன்னது நான். பல் தெரியக்கூடாதென்று சொன்னேன். அவனுடைய மேல் முன்பல் நாலும் கெட்டுப்போயிருந்தது, கெடுத்தவனும் நான்தான்.

எழுதிவிட்டேன். இந்த வரிக்குத்தான் மூன்று தாள் கிழிந்தது. இனி எப்படியென்று சொல்கிறேன்.

ஸ்டீல் பிளாண்ட் புகை இந்தப் பிள்ளைக்கு ஆகாது, இரண்டு வருஷம் கடற்காற்று உள்ள ஊரில் வைத்திருங்கள் என்று அங்கே டாக்டர் சொல்லி, போன வருஷம் சித்திரையில் நீ அவனை எங்களிடம் விட்டுப் போனபோது அவன் நெஞ்சு கொல்லன் துருத்தி மாதிரி ஏறி இறங்கியது உனக்கே தெரியும். அடையாறு குழந்தை டாக்டர் எழுதிக் கொடுத்த சிரப்பைத் தினம் மூன்று வேளை விடாமல் கொடுத்து வந்தோம். அதில் ஒரு குறை சொல்ல முடியாது, இழுப்பு அடங்கியது, பிள்ளை ஓடியாடினான். மற்ற வீட்டுப் பிள்ளைகளை இரண்டு பேர் காலைக் கையைப் பிடித்து மருந்து ஊற்றுவார்கள், நம் வைரவன் ஸ்பூன் சத்தம் கேட்டாலே வாயைத் திறந்துகொண்டு வருவான். எனக்கு அதில் ஒரு பெருமை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், என் பேரனைப் பாருங்கள், மருந்தென்றால் பாயசம் அவனுக்கு என்று சொல்லுவேன். குடித்து முடித்தால் மூடியில் ஒட்டியிருப்பதை நக்கிக்கொள்ளக் கொடுப்பேன், சமர்த்தாகக் குடித்ததற்கு அது கூலி. மூன்றாவது வேளை படுக்கிற நேரத்தில், பல் தேய்த்து வாய் கொப்பளித்த பிறகு, பாயில் படுத்த பிறகு.

நம் கடைச் சீட்டு உனக்கு ஞாபகம் இருக்கும், கல்யாணத்துக்கு முன்னால் நீயே எத்தனை பாட்டிலில் பசை தடவி ஒட்டியிருக்கிறாய். சிரப்பு எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் நம் கடையை விட்டு வெளியே போகும்போது அதன் மேல் அந்த மஞ்சள் சீட்டு இருக்கும். மருந்து கொடுத்த பின் அரைமணி நேரம் தண்ணீர் கொடுக்கக் கூடாது. மயிலாப்பூரில் அச்சுக்கூடம் வைத்திருந்தவரிடம் கட்டுக் கட்டாக அடித்து வாங்குவேன். தண்ணீர் குடித்தால் மருந்து தொண்டையில் நிற்காது, கரைந்து ஓடிவிடும், அப்புறம் சளி எப்படிக் கேட்கும், இதுதான் என் கணக்கு. இருபது வருஷமாக அதைச் சொல்லி வந்திருக்கிறேன். எனக்கு அதை யார் சொன்னார்கள் என்று இந்தப் பத்து நாளாக யோசித்துப் பார்க்கிறேன், ஒரு முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை. டாக்டர் யாரும் சொல்லவில்லை, பாட்டில் மேலும் அச்சடிக்கவில்லை. நானாகவே எங்கேயோ பொறுக்கி வேதமாக்கிக்கொண்டேன் போலிருக்கிறது.

தை மாதத்திலேயே உன் அம்மா பார்த்துவிட்டாள். மேல் பல்லில் ஈறு ஓரமாக வெள்ளை வெள்ளையாகக் கோடு, அப்புறம் அது பழுப்பாகி, பங்குனியில் கறுத்துவிட்டது. ஏங்க, பிள்ளை பல்லைப் பாத்தியளா, பூச்சி அரிக்கிற மாதிரியில்லா இருக்கு என்றாள். நான் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காமலே, அது இரும்புச் சத்து டானிக் குடிக்கிறதால் வரும் கறை, கடையில் நான் பார்க்காத கறையா, டானிக்கை நிறுத்தினால் போய்விடும் என்றேன். டானிக்கை நிறுத்தினோம். கறை போகவில்லை. அப்புறம் பால் பல்தானே, விழுந்து முளைக்கப் போகிறது என்று சொன்னேன். மருந்துக் கடைக்காரன் பெண்டாட்டி என்பதால் அவளும் வாயை அடைத்துக்கொண்டாள், ஊரில் வேறு யாராவது சொல்லியிருந்தால் விட்டிருப்பாளா.

ஆனியில் நீ போட்டோ கேட்டாய். பாண்டி பஜார் ஸ்டூடியோவுக்கு அவனைப் புதுச் சட்டை போட்டு அழைத்துக்கொண்டு போனேன். ஸ்டூடியோக்காரர் கிலுகிலுப்பையை ஆட்டி, சிரிடா கண்ணு என்றார். அவன் சிரித்தான். அந்த வெளிச்சத்தில் அந்த நாலு பல்லும் எனக்கு எப்படித் தெரிந்ததென்று சொல்ல முடியாது, வீட்டில் தினம் பார்த்தும் தெரியாதது அங்கே தெரிந்தது, அடுப்புக் கரி மாதிரி இருந்தது. இதைப் பார்த்தால் நீ என்ன நினைப்பாய், மாப்பிள்ளை என்ன நினைப்பார், உன் மாமியார் என்ன சொல்வார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. வாயை மூடுலே என்றேன். நான் அவனை லேய் என்று கூப்பிட்டதே கிடையாது. ஸ்டூடியோக்காரர், சிரித்தால் நல்லாயிருக்குமே சார் என்றார், வேண்டாம் என்றேன். அன்றிலிருந்து பிள்ளை யார் எதிரே சிரித்தாலும் இடது கையைக் கொண்டுபோய் வாயை மூடிக்கொள்கிறான். எதிர் வீட்டு நாய்க்குட்டியைப் பார்த்துச் சிரித்தாலும் கை வாய்க்குப் போய்விடுகிறது. அவனுக்கு நான் கற்றுக்கொடுத்த வித்தை இது.

உன் கடிதத்தை உன் அம்மாதான் முதலில் படித்தாள். படித்துவிட்டுக் கடைக்கு வந்து, ஆள் இருக்கிறதென்று கூடப் பார்க்காமல், பெத்தவ சோறு இறங்காமக் கிடக்கா, நீங்க இங்க எண்ணி எண்ணி மாத்திரை வித்துக்கிட்டு இருக்கிய, இன்னைக்கு நீங்க பிள்ளைய டாக்டர்ட்டக் காட்டலன்னா நான் அவனத் தூக்கிக்கிட்டு ரயில் ஏறிருவேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உன் அம்மா பேச்சியம்மாள் அப்படிச் சத்தம் போட்டு நீ பார்த்திருக்க மாட்டாய், நானும் பார்த்ததில்லை. அப்படியும் நான் இன்றைக்கு நாளைக்கு என்று கடத்தினேன். இதற்கு நடுவில் கஃபார் பாய் புறப்படுகிறார் என்று தெரிந்ததும் பாப்பாவுக்கு இரண்டு பாட்டில் எடுத்துச் சீட்டு ஒட்டிக் கொடுத்தேன் பார், என் புத்தியை என்ன சொல்ல. நாலாம் தேதி சாயங்காலம் வைரவனுக்கு முறுக்கு கடிக்கும்போது வலித்து, விடிவதற்குள் மேலுதடும் கன்னமும் வீங்கிவிட்டது. ஐந்தாம் தேதி திங்கட்கிழமை லஸ் பக்கம் இருக்கிற பல் டாக்டரம்மா நீரஜாவிடம் மூன்று பேருமாகப் போனோம்.

அந்த அம்மா சின்ன வயசுதான், உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். வாயைப் பார்த்தார், பார்த்துவிட்டு என்னிடம், இவனுக்கு நெடுநாளாக இனிப்பு மருந்து ஏதாவது கொடுக்கிறீர்களா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, எப்படித் தெரியும் என்றேன். கீழ்ப்பல் நன்றாக இருக்கிறது, மேல் முன்பல் மட்டும் போயிருக்கிறது, இந்த மாதிரி பால் பாட்டிலோடு தூங்குகிற பிள்ளைக்கும் சிரப்பு குடித்துவிட்டுத் தூங்குகிற பிள்ளைக்கும்தான் பார்த்திருக்கிறேன் என்றார். எந்த நேரம் கொடுப்பீர்கள் என்றார், சொன்னேன். கொடுத்த பிறகு என்ன செய்வீர்கள் என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அரைமணி நேரம் சொட்டுத் தண்ணீர் காட்ட மாட்டோம் டாக்டர், என் கடையில் அதற்குச் சீட்டே அடித்து ஒட்டுகிறேன் என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை கோபிக்கவும் இல்லை. உன் அம்மா பக்கம் திரும்பி, பாட்டிலை வீட்டில் எங்கே வைப்பீர்கள் அம்மா என்று கேட்டார். இவள், தட்டுல தண்ணி ஊத்தி நடுவுல வச்சிருப்போம் டாக்டர், இல்லன்னா எறும்பு மொச்சிரும் என்றாள். டாக்டரம்மா மெதுவாக, பாட்டிலைச் சுற்றித் தண்ணீர் வைத்திருக்கிறீர்கள், பிள்ளை வாயில் வைக்கவில்லையே என்றார்.

புஷ்பம், என்னை அந்த இடத்தில் செருப்பால் அடித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

அவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். பிள்ளை கசப்பென்று துப்பாமல் இருக்க அந்த மருந்தில் பாதிக்குப் பாதி சர்க்கரைப் பாகு. பகலில் எச்சில் ஊறி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிவிடும், தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைந்துவிடும். இழுப்புப் பிள்ளை வாயைத் திறந்துதான் மூச்சு விடும், வாய் காய்ந்து கிடக்கும், பாகு பல்லில் பூசிவைத்த மாதிரி விடியும்வரை ஒட்டிக்கொண்டிருக்கும். கீழ்ப்பல்லை நாக்கு மூடிக் காப்பாற்றும், மேல் பல்லுக்குக் காப்பு கிடையாது. பல் தேய்த்துச் சுத்தம் பண்ணின பிறகு நீங்களே அதில் பாகைத் தடவித் தூங்க வைத்திருக்கிறீர்கள், பதினாறு மாதம், என்றார். பால் பல்தானே டாக்டர் என்று நான் இழுத்தேன். பால் பல் வலித்தால் வலிக்காதா, சீழ் வைத்தால் அடியில் இருக்கிற பல்லுக்கு ஆகாதா, அவன் ஏழு வயது வரை எதை வைத்துக் கடிப்பான் என்று கேட்டார். இந்த ஊரில் எத்தனையோ படித்த தகப்பன் தாய்க்கே தெரியாது, உங்களை மட்டும் சொல்லவில்லை என்று சமாதானமும் சொன்னார். அந்தச் சமாதானம் எனக்கு ஒட்டவில்லை. மற்றவர்களுக்குத் தெரியாமல் போனதற்கு என் சீட்டும் ஒரு காரணம்தானே.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா, பட்ட காலிலே படும் என்பார்களே. வீட்டுக்கு வந்த வேகத்தில் இருந்த மூன்று பாட்டிலையும் சாக்கடையில் கொட்டிவிட்டேன். இனி இந்த விஷம் என் வீட்டு வாசல்படி ஏறக்கூடாது என்றேன். டாக்டரம்மா மருந்தை நிறுத்தச் சொல்லவே இல்லை, நேரத்தை மாற்றுங்கள், குழந்தை டாக்டரிடம் கேளுங்கள் என்றுதான் சொன்னார், எனக்குத்தான் காதில் ஏறவில்லை. செவ்வாய் போயிற்று, புதன்கிழமை மத்தியானம் கடைக்கு எதிர்த்த மளிகைக் கடைப் பையன் ஓடிவந்து, அண்ணாச்சி, அம்மா கூப்பிடுறாங்க என்றான். போனால் பிள்ளைக்கு விலா எலும்பு உள்ளே வாங்குகிறது, உதட்டில் நீலம். ஆட்டோ பிடித்து அடையாறு போவதற்குள் உன் அம்மா எத்தனை தெய்வத்தைக் கூப்பிட்டாளோ. ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் அடங்கியது. குழந்தை டாக்டர் எப்போதும் என்னிடம் மரியாதையாகப் பேசுகிறவர், அன்றைக்கு, மருந்துக் கடை வைத்திருக்கிற நீங்களே இப்படிச் செய்தால் நான் யாரைப் போய்ச் சொல்ல, பல்லைக் காப்பாற்ற மூச்சைப் பலி கொடுக்கச் சொன்னது யார் என்று கேட்டார். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, நீ பதறி ரயில் ஏற வேண்டாம். பகலில் இரண்டு வேளை சிரப்பு, சாப்பாட்டோடு சேர்த்து, உடனே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து வாய் கொப்பளிக்கிறான். மூன்றாவது வேளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார், அதைப் பொடித்துத் தயிரில் கலந்து ராச்சாப்பாட்டோடு கொடுத்து, அதற்கப்புறம்தான் பல் தேய்க்கிறோம். முதல் நாள் கசக்குதென்று உன் அம்மா புடவையிலேயே துப்பினான். இப்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கிவிடுகிறான்.

வீக்கமும் வற்றி, நெஞ்சும் தெளிந்த பிறகு, பத்தாம் தேதி சனிக்கிழமை நாலு பல்லையும் எடுத்துவிட்டார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுத்தார்கள், துடிக்கவில்லை. என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டிருந்தான். எல்லாம் முடிந்து பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம், அப்போது பஞ்சோடு ஏதோ சொன்னான், புரியவில்லை, எடுத்துவிட்டுச் சொல்லு என்றேன். நான் மருந்து நல்லாக் குடிச்சேன்ல தாத்தா, அப்புறம் எதுக்குப் புடுங்குனாங்க என்று கேட்டான். உன் அம்மா எழுந்து தெருப்பக்கம் போய்விட்டாள். நீ நல்லாத்தான் குடிச்சே, தாத்தாவுக்குத்தான் கொடுக்கத் தெரியல என்று சொன்னேன். பஞ்சை மறுபடி வாயில் வைக்கப் போனவன், மூடி நக்கலாமா என்றான். பிள்ளைக்கு அதுதான் கவலை.

நடுவில் எழுந்துபோய் வந்தேன். முத்தம்மா வந்திருந்தாள். உனக்குத் தெரியாது, நீ கல்யாணமாகிப் போன பிறகு பழக்கம், ஆற்றோரக் குடிசையிலிருந்து வந்து ரங்கநாதன் தெரு முனையில் பூ விற்கிறவள், அவள் பெண்ணுக்கும் இழுப்பு, ஒன்றரை வருஷமாக நம்மிடம்தான் இதே சிரப்பு வாங்குகிறாள். ஒரு வாரமாக வருகிறவர்களிடமெல்லாம் நான் மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மஞ்சள் சீட்டுக் கட்டு அத்தனையும் வெந்நீர் அடுப்புக்குப் போய்விட்டது. இவளிடமும் சொன்னேன், மருந்து கொடுத்ததும் தண்ணீர் கொடு, தூங்கும்போது கொடுக்காதே, டாக்டரிடம் மாத்திரை கேள் என்றேன். பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். இன்னா அண்ணாச்சி, தண்ணி காட்டாதேன்னு நீதான் சீட்டு ஒட்டிக் குட்த்தே, இப்ப தண்ணி குடுன்றே, நான் எத்த நம்புறது என்றாள். பெண்ணுக்குப் பல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். முன்னால ஒண்ணும் இல்ல, கறுகறுன்னு ஆயி உதுந்துபூட்ச்சி, பால் பல்லு தானேன்னு வுட்டுட்டேன், சோறு துன்னும்போது மட்டும் அயுவுது என்றாள். நான் எல்லாவற்றையும் சொல்லி, வைரவனுக்கு நாலு பல் எடுத்ததையும் சொல்லி, என் தப்புதான் முத்தம்மா என்றேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தினால் நன்றாக இருந்திருக்கும். வுடு அண்ணாச்சி, உன் பேரனுக்கும் அதத்தான குட்த்தே, வேணும்னேவா செஞ்சே என்று சொல்லிவிட்டு, பாட்டிலை மடியில் முடிந்துகொண்டு போய்விட்டாள். டாக்டரம்மாவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், சனிக்கிழமை அந்தப் பெண்ணை நானே கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இருபது வருஷத்தில் இன்னும் எத்தனை வீட்டுப் பிள்ளையோ, எல்லாரையும் எங்கே போய்த் தேடுவேன்.

அதனால்தான் உனக்கு அனுப்பின அந்த இரண்டு பாட்டில் என்னைப் படுத்துகிற பாடு. நேற்று தந்தி கொடுக்கலாம் என்று தபாலாபீஸ் வரைக்கும் போய்விட்டேன். ஃபாரத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் உன் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது, தந்தின்னதும் பிள்ளைக்கு என்னமோ ஆயிட்டுன்னு அவளுக்கு நெஞ்சு வெடிச்சிரும், என்ன எழுதியிருக்குன்னு பிரிச்சுப் படிக்கவா போறா என்றாள். அதுவும் சரிதான் என்று ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். இதை எக்ஸ்பிரஸ் டெலிவரியில் அனுப்புகிறேன். பாய் உன் வீட்டுக்கு வந்து பாட்டிலைக் கொடுத்தால் முதலில் அந்த மஞ்சள் சீட்டை ஈரத் துணி வைத்துத் துடைத்து எடுத்துவிடு. பாப்பாவுக்குச் சளி விட்டிருந்தால் மருந்தே வேண்டாம், சும்மா சத்துக்கென்று ஊற்றாதே. விடவில்லை என்றால் அங்கே டாக்டரிடம் காட்டி, அவர் கொடு என்றால் மட்டும் கொடு, பகலில், பால் குடிக்கும் முன்னால் கொடு, பின்னாலேயே இரண்டு ஸ்பூன் வெந்நீர் ஆறவைத்துக் கொடுத்து, சுத்தமான மெல்லிய மல் துணியை விரலில் சுற்றி அந்த இரண்டு பல்லையும் துடைத்துவிடு. ரப்பர் நிப்பிளில் சிரப்பைத் தொட்டு வாயில் வைத்தால் அழாமல் தூங்கும் என்று போன கடிதத்தில் உனக்கு யோசனை எழுதினவனும் நான்தான், அதைச் செய்திருந்தால் இன்றோடு நிறுத்திவிடு. பக்கத்து குவார்ட்டர்ஸ் பெண்களிடமும் சொல்லு, அந்தப் புகையில் இருமாத பிள்ளை ஏது, எல்லார் வீட்டிலும் ஒரு பாட்டில் இருக்கும்.

மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம், நான் மறைக்கச் சொல்ல மாட்டேன், இனி எதையும் மூடச் சொல்லுவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். கோபத்தில் பிள்ளையைக் கூட்டிப் போகிறேன் என்று மட்டும் உடனே கிளம்பிவிடாதே, அவன் நெஞ்சு இன்னும் அந்தப் புகைக்குத் தாங்காது. என்னிடம் விட பயமாக இருந்தால் சொல்லு, மருந்து கொடுக்கிற வேலையை உன் அம்மாவே வைத்துக்கொள்ளட்டும், ஸ்பூனை நான் தொடுவதில்லை.

திங்கட்கிழமை அவனை மறுபடியும் அதே ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனேன். அதே சட்டைதான். ஸ்டூலில் ஏறி உட்கார்ந்ததும் சொல்லாமலே இடது கையைத் தூக்கி வாய்கிட்டக் கொண்டுபோனவன் பாதியில் நிறுத்திவிட்டு, தாத்தா, வாய மூடணுமா என்று என்னைக் கேட்டான். வேண்டாம்யா, அம்மா பார்க்கணும், திற என்றேன். எவ்வளவு என்றான். உன்னால எவ்வளவு முடியுமோ அவ்வளவு என்றேன். இன்று காலையில்தான் பிரிண்ட் கொடுத்தார்கள், இத்துடன் வைத்திருக்கிறேன். கடிதத்தைப் படித்த பிறகு படத்தைப் பார் என்று எழுத நினைத்தேன், நீ அதைத்தான் முதலில் எடுத்திருப்பாய், எனக்குத் தெரியாதா.

உங்கள் எல்லாருக்கும் நோய்நொடி இல்லாமல் முருகன் துணை நிற்கட்டும், பாப்பாவுக்கு எங்கள் முத்தம், மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. வேளாவேளைக்குச் சாப்பிடு, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் பட்டினி கிடக்கக்கூடாது. சீட்டைத் துடைத்து எடுத்துவிட்டேன் என்று ஒரு கார்டு போடு, வேறு எதுவும் எழுத மனசில்லாவிட்டால் அது ஒன்று போதும்.

இப்படிக்கு,
உன் மன்னிப்பை எதிர்பார்க்கும் அப்பா,
அ. அய்யாதுரை

உன் அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்திருக்கிறாள், கவரை ஒட்டப் போகும்போது வைரவன் தானும் ஒரு வரி சொல்வேன் என்கிறான், அவன் சொன்னபடியே எழுதுகிறேன்: அம்மா, எனக்கு நாலு பல்லு இல்ல. நான் அழல. கொஞ்சந்தான் அழுதேன். போட்டோல நான் சிரிக்கேன் பாரு, உன்னப் பாத்துத்தான் சிரிக்கேன்.